நல்ல தண்ணீர் குடித்த எலிகள்

நான் எலிகளுக்குத் தண்ணீர் வைக்கிறவள். பதுளை டவுனுக்குச் சற்று வெளியே இருக்கும் ஓர் ஆய்வுக்கூடத்தில் பத்து வருடத்துக்கு மேலாக இதுதான் என் உத்தியோகம். கூடு கழுவுவது, மரத்தூள் மாற்றுவது, தீனி போடுவது, வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வோர் எலியையும் நிறுத்து எழுதுவது என்று வேறு வேலைகளும் உண்டு. ஆனாலும் யாராவது கேட்டால் தண்ணீர் வைக்கிறேன் என்றுதான் சொல்வேன். எனக்கு வந்த வினையெல்லாம் தண்ணீரால் வந்தது.

ஹாலிஎலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில், ஓர் ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்தவள் நான். உயர்தரத்தில் உயிரியல் படித்தேன். பல்கலைக்கழகத்துக்கு வெட்டுப்புள்ளி எட்டவில்லை. லயத்து ஆட்களுக்கு நான் இன்றைக்கும் "டொக்டர்மாரோட வேல செய்ற புள்ள". வெள்ளைக் கோட்டுப் போடுகிறேன் என்று கேள்விப்பட்டிருக்கிறார்கள். போடுவது உண்மைதான். அந்தக் கோட்டில் எப்போதும் எலி மூத்திரம் நாறும் என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் ஆய்வுக்கூடத்தின் பொறுப்பாளரை நாங்கள் மிஸ் என்போம். பதுளை பஸாரில் மூன்று தலைமுறையாகப் புடவைக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண். தீபாவளிக்கு எங்கள் லயத்துச் சனம் துணி எடுத்தது அவருடைய அப்பா கடையில்தான். நான் சிறு பிள்ளையாக அந்தக் கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருக்கிறேன். மிஸ் கெட்டவர் இல்லை. என்னை "நீங்க" என்றுதான் கூப்பிடுவார், பிறந்தநாளுக்குக் கேக் வாங்கித் தருவார். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கசந்திருக்காது, திட்டித் தீர்த்துவிட்டுப் போயிருப்பேன்.

மிஸ் செய்துகொண்டிருந்த ஆராய்ச்சி கட்மியம் என்ற உலோகத்தைப் பற்றியது. பற்றரியில் இருக்கும், பெயின்ரில் இருக்கும், சில மலிவான உரங்களோடு மண்ணுக்கும் வரும். உடம்புக்குள் போனால் இலேசில் வெளியே போகாது. அது கழுத்திலிருக்கும் தைரொயிட் சுரப்பியை என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. ஒரு குழு எலிகளுக்கு அந்த உப்பைக் கொஞ்சமாகக் கரைத்த தண்ணீர். இன்னொரு குழுவுக்கு வெறும் சுத்தமான தண்ணீர். மற்றபடி ஒரே தீனி, ஒரே கூடு, ஒரே வயது. சுத்தமான தண்ணீர் குடிக்கும் எலிகளைக் கட்டுப்பாட்டுக் குழு என்பார்கள். இரண்டு மாதம் கழித்து இரண்டு குழுவின் இரத்தத்தையும் எடுத்து, கழுத்தைத் திறந்து, சுரப்பியை நிறுத்து, மெல்லிய சீவலாக்கி நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். நல்ல தண்ணீர் குடித்தது எப்படி இருக்கிறது என்று தெரிந்தால்தான் கெட்ட தண்ணீர் குடித்ததற்கு என்ன ஆயிற்று என்று சொல்ல முடியும்.

சுரப்பி கெட்ட எலியை எனக்குத் தூரத்திலிருந்தே தெரியும். மயிர் சொரசொரவென்று நிற்கும். வெயில் நாளிலும் குளிருக்கு ஒடுங்கினதுபோல் மூலையில் சுருண்டு கிடக்கும். கூட்டைத் திறந்தால் மற்ற எலிகள் ஓடி வரும், இது தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுக்கும். இதையெல்லாம் கொப்பியில் எழுதுவதற்கு எனக்குச் சம்பளம்.

அதே காலத்தில் என் அக்கா மாறிக்கொண்டு வந்தாள். என்னைவிட எட்டு வயது மூத்தவள். நான் படிக்க வேண்டும் என்று பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுக் கொழுந்தெடுக்கப் போனவள். ஒரு காலத்தில் அவள் நிரையில் யாரும் அவளுக்கு முன்னால் போனதில்லை. அவள்தான் பின்தங்க ஆரம்பித்தாள். பேச்சு இழுத்தது, குரல் கரகரத்தது, சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. சாப்பிடுவது கொஞ்சம், முகம் மட்டும் ஊதிக்கொண்டே போனது. ஒரு நாள் காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டில் எல்லார் முன்னாலும் கங்காணி அவளைத் தூங்குமூஞ்சி என்று சொல்ல, நின்ற பெண்களெல்லாம் சிரித்தார்களாம். அதன் பிறகு லயத்தில் அவளுக்கு அதுவே பெயராகிப் போனது.

நானும் அப்படித்தான் நினைத்தேன். இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய். சனிக்கிழமை லயத்துக்குப் போகும்போது அவள் பகலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுவரோரம் படுத்திருப்பாள். எனக்கு எரிச்சலாக வரும். வயது போகப் போகச் சோம்பல் கூடிவிட்டது என்று அவள் காதுபடவே சொல்லியிருக்கிறேன். வாரம் முழுதும் எலிகளின் மயிரையும் தூக்கத்தையும் எழுதுகிறவள், சொந்த அக்காவை ஒருநாளும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இனி எங்கள் பீலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலையிலிருந்து ஊறி வரும் தண்ணீர் ஒரு குழாய் வழியாக விழும் இடத்தைத்தான் பீலி என்போம். லயத்துக்கு மேலே, பத்து நிமிட ஏற்றத்தில் இருக்கிறது. எங்கள் தோட்டத்து ஆட்களுக்குப் பெருமை பேச வேறு எதுவும் கிடையாது, அந்தத் தண்ணீர் ஒன்றுதான். வெளியூரிலிருந்து யார் வந்தாலும் முதலில் ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்துவிட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்போம். "தண்ணி என்னா ருசி" என்று அவர் சொன்ன பிறகுதான் பால் விடாத சாயத்தண்ணி ஊற்ற அடுப்பு எரியும். பக்கத்துத் தோட்டத்தில் கலியாணம் என்றால் சமையலுக்கு எங்கள் பீலியிலிருந்துதான் பீப்பாய் போகும். டவுன் தண்ணீரில் மருந்து வாடை அடிக்கிறது, அதைக் குடித்துத்தான் டவுன் ஆட்களுக்கு வியாதி வருகிறது என்பது எங்கள் லயத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். பதுளையில் வாடகை அறை எடுத்த நாளிலிருந்து நானும் திங்கட்கிழமை காலையில் ஒரு கேன் பீலித் தண்ணீரோடுதான் பஸ் ஏறினேன்.

பீலிக்கு மேலே முன்பு வெறும் புல்லுமலை. சில வருடங்களுக்கு முன் நிர்வாகம் அதை வெலிமடைப் பக்கத்து ஒருவருக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. அவர் உருளைக்கிழங்கும் லீக்சும் போட்டார். லொறி லொறியாக உரம் ஏறியது. முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு மருந்தடிப்பார்கள், சாயங்காலம் அந்த டாங்கியை மேலே தண்ணீர் ஓடும் கானிலேயே கழுவுவார்கள். நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். கிழங்கு கிண்டின பிறகு மண்ணில் விட்டுப்போன பொடிக் கிழங்கைப் பொறுக்கவிட்டதற்கு அந்த ஆளை நல்ல மனுஷன் என்றும் சொன்னோம். மேலே போடுவது கீழே வரும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. உயிரியல் படித்த எனக்கும் தோன்றவில்லை.

ஒரு பரிசோதனை தொடங்கி இரண்டாம் வாரம். மிஸ் பயிற்சிக்காக வெளிநாடு போயிருந்தார். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி வடிக்கும் எங்கள் மெசின் ஒரு நாள் இடி மின்னலில் கருகிப்போனது. திருத்துகிறவர் கண்டியிலிருந்து வர வேண்டும், இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தார்கள். வடித்த தண்ணீர் ஒரு பெரிய கேன்தான் மிச்சம். கட்மியக் கரைசலில் வேறு எதுவும் கலக்கக்கூடாது என்று மிஸ் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தார், ஆகவே அதைக் கட்மியக் குழுவுக்கு ஒதுக்கினேன். மற்றக் குழுவுக்கு என்ன செய்வது என்று களஞ்சியப் பொறுப்பாளரிடம் கேட்டேன். குழாய்த் தண்ணீரை வை, எலிதானே என்றார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. குளோரின் வாடை அடிக்கிற தண்ணீரை வைத்தால் பரிசோதனை கெட்டுப்போகும் என்று பட்டது. என்னிடம்தான் உலகத்திலேயே நல்ல தண்ணீர் இருக்கிறதே. அடுத்த திங்கட்கிழமை இரண்டு கேன் கொண்டுவந்தேன். எலிகள் போத்தல் மூக்கை நக்கி நக்கிக் குடித்தன, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கொப்பியில் தண்ணீர் வகை என்ற கட்டத்தில் "சுத்தமான நீர்" என்று எழுதினேன். பொய் எழுதுகிறோம் என்று துளியும் நினைக்கவில்லை. மெசினைத் திருத்தி முடிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குப் பிறகும் நான் நிறுத்தவில்லை. பாதியில் தண்ணீரை மாற்றினால் தப்பாகிவிடும் என்று கடைசிவரை பீலித் தண்ணீரே வைத்தேன். கடைசி நாட்களில் அந்த எலிகளும் கொஞ்சம் ஒடுங்கினதை மழைக்குளிர் என்று நினைத்துக்கொண்டேன்.

மிஸ் திரும்பி வந்த வாரம் எலிகளை அறுத்தோம். மயக்கி, இரத்தம் எடுத்து, கழுத்தைத் திறப்பார் அவர். நான் தட்டில் வாங்கி நிறுப்பேன். மூச்சுக்குழாயின் இரண்டு பக்கமும் சிவந்த பருப்புப்போல் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சுரப்பி. கட்மியக் குழுவில் கெட்டிருந்தது, அது எதிர்பார்த்ததுதான். கட்டுப்பாட்டுக் குழுவின் முதல் எலியைத் திறந்ததும் மிஸ்ஸின் கை நின்றது. சுரப்பி வீங்கிப் பருத்து, வழக்கத்தைவிடக் கடும் சிவப்பாக இருந்தது. இரண்டாவதும் அப்படி. மூன்றாவதும் அப்படி. கூட்டு அட்டைகளை மாற்றிவிட்டீர்களா என்று என்னைக் கேட்டார். வால் அடையாளத்தைக் காட்டினேன். அவர் அடுத்த எலியை எடுத்தார். இரத்த முடிவு வந்தபோது அதிலும் சுரப்பு நீர் குறைவு.

சீவல்கள் தயாரானதும் என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். பழைய பரிசோதனை ஒன்றின் நல்ல எலியுடையது ஒன்று, இப்போதையது ஒன்று. நல்லதில் வட்ட வட்டமான பைகள், உள்ளே இளஞ்சிவப்பாகச் சாறு நிறைந்து. இப்போதையதில் பைகள் சுருங்கி, சுவர் தடித்து, சாறு வற்றிக் கிடந்தது. "தண்ணி, தீனி, ஏதாவது மாறிச்சா?" என்று கேட்டார். இல்லை மிஸ் என்று சொல்லிவிட்டேன். வாயிலிருந்து அதுவாகவே வந்தது. கொப்பியில் எழுதியபோது பொய் சொல்லவில்லை, அன்றைக்குச் சொன்னது பச்சைப் பொய்.

அந்தச் சனிக்கிழமை லயத்துக்குப் போனேன். அக்கா வழக்கம்போல் கம்பளிக்குள் கிடந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கழுத்தில் கை வைத்தேன். என்னடி இது என்று கையைத் தட்டினாள். எச்சிலை விழுங்கு என்றேன். விழுங்கியபோது என் விரலுக்கு அடியில் ஒரு வீக்கம் மேலும் கீழும் போய் வந்தது. பார்த்தால் தெரியும் அளவுக்கே இருந்தது, நான்தான் பார்க்கவில்லை. அடுத்த காம்பராவிலும் அதற்கடுத்ததிலும் கழுத்து வீங்கிய பெண்கள் இருந்தார்கள். எங்கள் லயத்துக்குக் கழுத்துத் தடிப்பு ராசி என்று அவர்களே சிரித்துச் சொன்னார்கள்.

அக்காவைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இரத்தம் பார்த்து, தைரொயிட் குறைவு என்று சொல்லி, காலையில் வெறும் வயிற்றில் குடிக்கக் குளிசை கொடுத்தார்கள். உப்பு எது பாவிக்கிறீங்க என்று டொக்டர் கேட்டார். அயடின் போட்ட பக்கெட் உப்புத்தான் என்றேன். தண்ணீரைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானாகச் சொல்லவும் துணிச்சல் வரவில்லை.

அன்று பஸ்சில் திரும்பும்போது அக்கா மகிழ்ச்சியாக இருந்தாள். ஒன்று, தான் சோம்பேறி இல்லை, வியாதிக்காரி என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கிடைத்திருக்கிறது. இன்னொன்று, எல்ல டவுனில் கட்டிக்கொடுத்த அவள் மகள் ஐந்து மாதம் முழுகாமல் இருந்தாள். ஏழாம் மாதம் வளையல் போட்டு இங்கே கூட்டி வந்துவிடுவேன், தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். சினையாக இருக்கும் எலிக்குச் சுரப்பி கெட்டால் குட்டிக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கண் திறக்கப் பிந்தும். மற்றக் குட்டிகள் ஓடும்போது அது நின்று பார்த்துக்கொண்டிருக்கும். சின்னப் பெட்டிக்குள் வழி கண்டுபிடிக்க விட்டால் ஒரே மூலைக்குத் திரும்பத் திரும்பப் போகும். அதைக் கடிகாரம் வைத்து நானே எழுதியிருக்கிறேன். இரண்டு மாதத்துக்குள் அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

திங்கட்கிழமை மிஸ்ஸின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மெசின் கருகியது, கேன், பீலி, கொப்பி, நான் சொன்ன பொய், அக்காவின் கழுத்து. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஏன் அன்னைக்கே சொல்லல?"

"நல்ல தண்ணின்னு நினைச்சேன் மிஸ். எங்ககிட்ட இருக்கிறதுலயே நல்லது அதுதான்."

அவர் கத்தவில்லை. அப்படியானால் கட்டுப்பாட்டுக் குழு செல்லாது, முழுப் பரிசோதனையும் திரும்பச் செய்ய வேண்டும் என்று மெதுவாகச் சொன்னார். அவருடைய ஒரு வருடம் போயிற்று, அது என் தப்பு, அதை நான் இன்றைக்கும் மறுக்கவில்லை. ஆனால் நான் கேட்டது வேறு. கேனில் இன்னும் தண்ணீர் மிச்சம் இருக்கிறது, பக்கத்து அறையில் உலோகம் பார்க்கிற மெசின் இருக்கிறது, ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள் என்றேன்.

மிஸ் காரணங்கள் சொன்னார். அந்த மெசினுக்கு வேறு ஆராய்ச்சிக்காரர்கள் வரிசையில் இருக்கிறார்கள். தோட்டத்துத் தண்ணீரைச் சோதிக்கத் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். கேனில் கிடந்த தண்ணீர் முறைப்படி எடுத்த மாதிரி ஆகாது. இருப்பது கட்மியமாகவே இருக்கும் என்று என்ன நிச்சயம், உரத்து நைட்ரேட்டும் சுரப்பியைக் கெடுக்கும், பூச்சிமருந்தும் கெடுக்கும். நாலைந்து கூட்டு எலியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒவ்வொன்றும் சரியான காரணம்தான். அவ்வளவு பாடம் எனக்கும் தெரியும்.

"அதனாலதான் பாக்கச் சொல்றேன் மிஸ். எங்க அக்கா மக புள்ளத்தாச்சியா அங்க வரப்போகுது."

"இது என்னோட ஆராய்ச்சி இல்லம்மா," என்றார். "இதுல நான் கைய வச்சா இந்த இடத்தையே மூடிடுவாங்க. நீங்களும் நானும் வீட்டுக்குத்தான் போகணும்." கண் கலங்கித்தான் சொன்னார். அந்தக் கண்ணீரை வைத்து நான் என்ன செய்வது?

பிறகு விளக்கக் கடிதம் எழுதச் சொன்னார். விலங்குகளை வைத்து ஆராய்ச்சி செய்கிற இடத்தில் அதைக் கண்காணிக்க ஒரு குழு இருக்கும், அதற்கு அனுப்ப வேண்டுமாம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். தோட்டக் குடியிருப்பு ஒன்றின் ஊற்று நீர் ஆய்வு விலங்குகளுக்குத் தவறுதலாக வழங்கப்பட்டது. அந்நீர் விலங்குகளுக்கு வழங்கத் தகுதியற்றது. அதனால் அவற்றின் உடல்நலம் பாதிக்கப்பட்டமைக்கு வருந்துகிறேன். இனி இவ்வாறு நிகழாது. கீழே கையெழுத்து என்னுடையது. பிறந்த நாளிலிருந்து நானும் என் அக்காவும் குடித்து வளர்ந்த தண்ணீர் எலிக்கு ஆகாது என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டு, போய்க் கூடு கழுவினேன்.

இரண்டு வாரத்தில் குழுவின் பதில் வந்தது. விலங்குகள் பட்ட துன்பம் குறித்துக் கவலை தெரிவித்திருந்தார்கள். இனிமேல் எலிகளுக்கு வைக்கும் தண்ணீரை மாதம் ஒருமுறை கட்டாயம் பரிசோதித்து அறிக்கை வைக்க வேண்டும் என்று உத்தரவு. அதற்கு மெசினில் உடனே நேரம் கிடைத்தது. வரிசையில் நின்றவர்களெல்லாம் எங்கே போனார்களோ தெரியாது.

அந்தக் கடிதம் இரண்டையும் நகலெடுத்துக்கொண்டு தோட்ட ஆபீசுக்குப் போனேன். தோட்டத்து மனேஜரான துரை வெளிக்கிடும் அவசரத்தில் இருந்தார். கிளாக்கர் ஐயா எங்கள் ஆள்தான், எனக்குப் படிக்கிற காலத்தில் சான்றிதழ் எழுதித் தந்தவர். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு கடிதத்தையும் வரி வரியாகப் படித்தார். நான் பீலிக்கு மேலே நடப்பதைச் சொன்னேன், கழுத்து வீங்கிய பெண்களைச் சொன்னேன். வேறு ஊற்றிலிருந்து குழாய் இழுக்கலாம், அதுவரை பௌசர் லொறியில் தண்ணீர் தரலாம், ஆக மோசம் ஒரு போத்தல் தண்ணீரை எங்காவது அனுப்பிச் சோதிக்கலாம் என்றேன். அவர் கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இது எலியப் பத்தின கடுதாசி. மனுசன் குடிக்கக்கூடாதுன்னு இதுல எங்கம்மா இருக்கு?"

கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தேடிப் பார்த்துவிட்டுக் கேட்டார். அவர் சொன்னதில் பிழையும் இல்லை. மனிதருக்கு ஆகாது என்று எழுத யாராவது அந்தத் தண்ணீரைச் சோதித்திருக்க வேண்டும். ஆளில்லாத குற்றத்துக்குச் சாட்சி சொல்லப் போனவள் மாதிரி நான் நின்றேன்.

நிர்வாகம் சும்மா இருந்தது என்று சொல்லக்கூடாது. ஒரு வாரத்துக்குள் பீலி அருகே புதுப் பலகை வந்தது. குடிப்பதற்கு முன் நீரைக் கொதிக்க வைக்கவும், மூன்று மொழியிலும். லயத்தில் பெரிய சந்தோஷம், உன்னால்தான் இவ்வளவாவது நடந்தது என்று என்னைக் கட்டிப்பிடித்தார்கள். கிருமிதான் கொதியில் சாகும். உலோகத்துக்கும் உரத்துக்கும் கொதிநீர் என்ன செய்யும்? தண்ணீர் சுண்டச் சுண்ட அவை மிஞ்சி நிற்கும். இதை அவர்களிடம் சொன்னேன். அப்படியென்றால் ஆபீசில் பொய்யா எழுதுவார்கள் என்று கேட்டார்கள். வீட்டுக்கு வீடு பக்தியோடு கொதிக்கவைத்துக் குடிக்க ஆரம்பித்தார்கள்.

அக்காவின் மகளிடம் எல்லவிலேயே இருந்துவிடு என்று சொல்லிப் பார்த்தேன். அவளுடைய புருஷன் அங்கே வெள்ளைக்காரர் தங்கும் விடுதி ஒன்றில் சமையல். அறையும் சிறிது, பார்க்கவும் ஆள் இல்லை. அதோடு தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டில் கூப்பிடவில்லை என்று அவளுடைய மாமியார் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் காட்டுவாள் என்று அக்கா ஒற்றைக் காலில் நின்றாள். ஏழாம் மாதம் வளையல் அடுக்கி, ஐந்து வகைச் சோறு கட்டிக்கொண்டு, மகளைக் கூட்டி வந்துவிட்டாள். லயத்து வாசலில் ஆரத்தி சுற்றினார்கள். சுற்றி முடித்ததும் யாரோ ஒரு செம்புத் தண்ணீரை அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்தார்கள். வழக்கம் அப்படி. அவள் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, எல்லவில் இந்த ருசி இல்லை என்றாள்.

அன்றைக்குக் கூட்டம் கலைந்த பிறகு அக்காவைச் சமையற்கட்டில் உட்காரவைத்து முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். அதுவரை நான் அவளிடம் எலிகளைப் பற்றி முழுதாகச் சொன்னதில்லை. கோபப்படுவாள் என்று பயம். கோபப்பட்டாள். "நம்ம தண்ணிய எலிக்குக் குடுத்தா பாத்த?" என்று கேட்டாள். பீலித் தண்ணீரைக் குறை சொல்ல நான் பதுளைக்காரி ஆகிவிட்டேனா என்றாள். பையில் கொண்டுவந்திருந்த கடைப் போத்தல் தண்ணீரை எடுத்து வரிசையாக வைத்தேன். இதை அந்தப் பிள்ளைக்குக் குடிக்க மட்டும் கொடு, வாராவாரம் கொண்டு வருகிறேன் என்றேன்.

அவள் போத்தல்களைப் பார்த்தாள். சோற்றுக்கு எந்தத் தண்ணீர், கறிக்கு எந்தத் தண்ணீர், சாயத்தண்ணிக்கு எந்தத் தண்ணீர் என்று கேட்டாள். பிறக்கிற பிள்ளைக்கு எந்தத் தண்ணீர் என்று கேட்டாள். குளிசை குடிக்க ஆரம்பித்ததிலிருந்து அவளுக்குப் பேச்சில் இழுவை குறைந்திருந்தது, கேள்விகள் வேகமாக வந்தன. அடுப்பைக் கிளறிக்கொண்டே இன்னொன்றும் கேட்டாள்.

"அந்த எலிங்களுக்கு இப்ப என்னா தண்ணி?"

"பழைய எலியெல்லாம் எரிச்சாச்சு. புது எலிக்கு மெசின்ல வடிச்ச தண்ணி. மாசா மாசம் செக் பண்றாங்க."

"அப்ப எலிக்கு நிப்பாட்டிட்டாங்க," என்றாள்.

ஆமாம் என்றேன். மகள் குளிக்க வேண்டும், இருட்டுவதற்குள் தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்று குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் பீலிக்கு ஏறினாள். இன்னொரு குடத்தை எடுத்துக்கொண்டு நானும் பின்னால் போனேன்.